ஆற்றங்கரை மருது

மருதடிப் பிள்ளையாரைக் கும்பிடும் மானிப்பாய்க்காரருக்கு மருதமரம் புதிதல்ல. காட்டாற்றங்கரையில் அது வளர்ந்து நிற்கும் கோலத்தையும் ஒருமுறை பார்க்கவேண்டும். வில்பத்துக் காட்டின் தெற்கெல்லையில் ஓடும் கலா ஓயாக் கரையில் முதுமருதுகளைக் காணலாம். பட்டை உரிந்து வெளிறிய, வழுவழுப்பான அடிமரம். வேர்கள் கரையை இறுகப் பிடித்தபடி தண்ணீருக்குள் இறங்கியிருக்கும்.

இவற்றைப் பார்க்கப் போகிறவர்கள், 1938இல் தேசியப் பூங்காவான வில்பத்துவில், வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியோடு, ஒதுக்கிய இடங்களில் கூடாரமடித்து இரவு தங்கலாம். குடிதண்ணீரை நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். யானையும் கரடியும் சிறுத்தையும் நடமாடும் காடு. இருட்டியபின் கூடாரத்தை விட்டு விலகாதீர்கள். மிஞ்சிய சோற்றை வெளியே கொட்டவே கூடாது, காட்டுப்பன்றி அந்த ருசிக்குப் பழகிவிடும். பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். பள்ளி விடுமுறையில் போவதென்றால் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.