வாவிக்கரையில் மகள் வீடு

மட்டக்களப்பு வாவி வடக்கே செங்கலடிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்குக் கரைக்கு எழுவான்கரை என்று பெயர். மேற்குக் கரைக்குப் படுவான்கரை என்று பெயர். ஞாயிறு எழுவதையும் படுவதையும் கொண்டு ஊரைப் பிரித்த முன்னோர் பெயரிடுவதில் வல்லவர்களே. எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் ஊர்கள் நெருங்கி நிற்கின்றன. படுவான்கரையில் வயல்களுக்கு நடுவே அவை சிதறிக் கிடக்கின்றன. 2014ஆம் ஆண்டில் மண்முனையில் பாலம் அமையும்வரை, அவ்விடத்தில் கரை மாறுவோர் 'பாதை' என்று ஊரார் அழைக்கும் மிதவையையே நம்பியிருந்தனர்.

இவ்விரு கரைகளிலும் நடந்து செல்வோர் கண்ணில் இன்று பட்டுக்கொண்டே இருப்பது பூட்டிய வீடு. வளவிலே பற்றை மண்டியிருக்கும். விறாந்தையின் குந்தில் ஆடுகள் படுத்திருக்கும். முகட்டில் நான்கு ஓடுகள் நழுவியிருக்க, அவ்வழியே இறங்கிய மழைநீர் வளைமரத்தை ஊறவைத்துச் சுவரைக் கரைத்துக்கொண்டிருக்கும். ஆனால் வாசற்கதவு மட்டும் அப்படியே நிற்கும். அது முதிரை மரம்; கறையானும் அதனிடம் எளிதிற் செல்வதில்லை.

இவ்வீடுகள் வெறுமையான காரணத்தை நேயர்கள் அறிவர். 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆம் நாள் வீசிய சூறாவளி ஆயிரக்கணக்கான வீடுகளின் கூரையைக் கொண்டு போயிற்று, தென்னந்தோப்புகளையும் சாய்த்தது. பின்னர் வந்தது போர். 1990ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும், இறுதியாக 2007ஆம் ஆண்டிலும் படுவான்கரை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வாவியைக் கடந்தனர். இடையில் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடற்கரையை ஆழிப்பேரலை அழித்தது. சென்றவர் பலர் திரும்பினர். சிலர் சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் வேர்கொண்டனர். இப்பொழுது அவர்களுள் சிலர்க்கும், நகரத்தில் உழைத்து ஓய்வு பெற்ற சிலர்க்கும் ஓர் ஆசை பிறந்திருக்கின்றது. புதிய கொங்கிறீற்று வீடு வேண்டாம். பாழடைந்த பழைய வீடு ஒன்றை வாங்கிப் புதுக்கி, அதிலே குடியிருக்க வேண்டும் என்பதே அந்த ஆசை.

இஃது உலகில் வேறிடங்களிலும் உள்ள ஆசைதான். இத்தாலி நாட்டில் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வாரக்குடிகள் வயலை விட்டு ஆலைத் தொழிலுக்குப் போயினர். அவர்கள் வாழ்ந்த கல்வீடுகள் தஸ்கனிக் குன்றுகளில் அநாதையாய் நின்றன. வெளிநாட்டார் அவற்றை வாங்கிப் புதுக்கினர். 2019ஆம் ஆண்டில் சிசிலித் தீவின் சம்புக்கா என்னும் ஊர், கைவிடப்பட்ட வீடுகளை ஒரு யூரோ தொடக்க விலையில் ஏலமிட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் வீட்டைப் புதுக்கி முடிக்க வேண்டும், 5000 யூரோ பிணைப்பணம் கட்ட வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். விலையைக் கேட்டு வியந்தவர் நிபந்தனையைக் கேட்டுச் சற்றே அமைதியடைந்திருப்பர். அந்நாட்டுச் சட்டத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. விவசாய நிலம் விற்பனைக்கு வந்தால் அதனை உழும் குத்தகையாளருக்கு முதல் உரிமை என்று 1965ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. 1971ஆம் ஆண்டில் அவ்வுரிமை பக்கத்து நிலத்தை உழுது வாழும் உடைமையாளருக்கும் நீண்டது. வீட்டை வாங்கி ஓடு மாற்றிய பின்னர், பக்கத்து வயற்காரர் வந்து, 'இதை எனக்கல்லவா முதலிற் கேட்டிருக்க வேண்டும்?' என்று வழக்கிட்டால் அது நியாயமான வழக்கே ஆகும்.

மட்டக்களப்பிலும் அவ்வாறு கேட்கக்கூடிய ஒருவர் உண்டு. அவர் பக்கத்து வயற்காரர் அல்லர். அந்த வீட்டின் மகள்.

இந்நாட்டுக் குடிவழக்கம் தாய்வழிப்பட்டது. பிள்ளைக்குக் குடி தாயிடமிருந்து வருகின்றது. மணமானபின் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டிற்கு வந்து வாழ்கின்றார். அவ்வீடும், இயன்றவிடத்து வயலும், மகளுக்குச் சீதனமாக எழுதப்படுகின்றன. உறுதி மகள் பெயரிலோ, மகள் மருமகன் இருவர் பெயரிலோ அமையும். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர் அதே வளவில் ஒரு பத்தியை இறக்கிக்கொண்டோ, அருகில் வேறு மனை கட்டிக்கொண்டோ இளைய மகளுக்காகப் பாடுபடத் தொடங்குவர். சகோதரிக்கு வீடு எழும்பும்வரை அண்ணன் தன் திருமணத்தை ஒத்திவைப்பதும் உண்டு. இவ்வழக்கத்தை அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளைக்கூட மக்கள் மகளின் சீதனமாகவே எண்ணினர் என்பதை அவரும் பற்றீசியா லோறன்சும் இணைந்து ஆராய்ந்து காட்டினர். தங்குவதற்கு ஒரு கூரை என்று கொடுத்தவர்கள் எண்ணினர். பெற்றவர்களோ மகளின் மணவறையை நினைத்தனர்.

ஊர் வழக்கம் இவ்வாறு இருக்க, ஏட்டுச் சட்டம் வேறு வழியிற் சென்றுள்ளது. முற்காலத்தில் இங்கே முக்குவர் சட்டம் என்னும் தாய்வழி உரிமைமுறை நிலவியது. கிறிஸ்தோபர் பிரிற்றோ அதனைத் திரட்டி 1876ஆம் ஆண்டில் நூலாக்கினார். அதே ஆண்டில் வந்த 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அம்முறையை வழக்கொழியச் செய்தது. நூலும் அதன் முடிவும் ஒரே ஆண்டில் வந்தமை வரலாற்றின் குறும்பு போலும். அன்று முதல், எழுதாமல் இறந்தவரின் சொத்தில் பாதி வாழ்க்கைத் துணைக்கும், மறுபாதி ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்கும் சேரும் என்றாயிற்று. பிள்ளைகள் அனைவர்க்கும் சமபங்கு என்பது நல்ல நீதியே. ஆயினும் மகளுக்கென்று வாய்ச்சொல்லால் ஒதுக்கிய வீடு, சீதன உறுதி எழுதப்படாவிட்டால், உடன்பிறந்தார் அனைவர்க்கும் பிரிபடாப் பங்காகி விடுகின்றது.

படுவான்கரையில் அரசு காணி கொடுத்துக் குடியேற்றிய ஊர்களும் உள்ளன. அவற்றின் பத்திரம் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் இறந்தால் மகளுக்கு முன்னே மகனை வைத்தது அச்சட்டத்தின் அட்டவணை. மகனோ மணமுடித்து மனைவியின் ஊருக்குப் போய்விட்டவன்! ஊரார் மகளுடையது என்ற வீட்டைப் பத்திரம் மகனுடையது என்றது. ஆணுக்கு முதன்மை தந்த அந்த வரிசை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. அதற்கு முன்னரே கைமாறிப்போன வளவுகளோ பல. இத்தகைய அரசகாணியை அனுமதியின்றி விற்கவும் இயலாது. விற்றாலும் அவ்விற்பனை செல்லாது.

இனி ஒரு குடும்பத்தை மனத்திற் கொள்க. அம்பிலாந்துறைப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்று. தாய் முதியவள், எழுவான்கரையில் உறவினர் வீட்டில் இருக்கின்றாள். மகள் சூரிச் நகரில், மகன் ரொறன்ரோவில். தகப்பனார் உறுதி எழுதாமலே இறந்துவிட்டார். மகளுக்கு வீட்டைத் திருத்த ஆசை. அவளிடம் பணமும் இருக்கின்றது. ஆனால் தகப்பனார் வழியில் வந்த பங்கில் ஒரு பகுதி தம்பியுடையது. அதை விலைக்கு வாங்கிவிடலாம் என்று எண்ணினால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கின்றது. அந்நியக் குடியுரிமை பெற்றவர் இலங்கையில் நிலத்தை விலைக்கு வாங்க அச்சட்டம் தடை செய்கின்றது. நெருங்கிய உறவினரிடமிருந்து உரிமையாகவோ நன்கொடையாகவோ வருவதற்கு மட்டும் அது வழிவிடுகின்றது. இரட்டைக் குடியுரிமை பெற்றவர்க்கும் தடையில்லை. ஆகவே அக்காவும் தம்பியும் விலை பேசிக்கொள்ளாமல் மனம் ஒத்து எழுதிக் கொடுத்தால் நடக்கும். மனம் ஒவ்வாவிடின் 1977ஆம் ஆண்டின் பங்குவழக்குச் சட்டத்தின்படி மன்றம் ஏற வேண்டியதுதான். அவ்வழக்கு முடியும்முன் கூரை முடிந்துவிடும்.

அந்த வேளையில் ஓர் அயலவர் நல்ல விலை சொல்லிக்கொண்டு வருகின்றார். தம்பி இசைகின்றான். தாய் ஒன்றும் சொல்வதில்லை. மட்டக்களப்பில் வீடு விற்பனையின் உண்மையான இடர் இந்த மௌனத்திலே இருக்கின்றது. சட்டப்படி அவள் பாதிக்கு உரியவள், கையொப்பமும் இடுவாள். ஆனால் மகள் வீட்டை விற்கக் கையொப்பமிட்டவள் என்ற சொல் ஊரில் அவளோடு வாழும்.

வாங்க வருபவர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். நிலம் கைமாறுவதற்கு நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உறுதி வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டு முதல் சட்டம். காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் தோம்பு பார்ப்பது வழக்கம். மட்டக்களப்பில் அந்த முப்பது ஆண்டு போதாது. இடப்பெயர்வுக் காலத்தில் எழுதப்பட்ட உறுதிகளைத் தனியே நிறுத்திப் பார்க்க வேண்டும். யாரேனும் பத்தாண்டு தடையின்றி ஆண்டுவந்தால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டம். உயிருக்கு அஞ்சி ஓடியவர் தடை சொல்ல எங்கே இருந்தார்? 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை அவ்வாறு உரிமையைக் காக்க இயலாதிருந்தோர்க்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் காலவரையறையுடன் ஒரு வாய்ப்பை அளித்தது. ஆகவே பூட்டிய வீட்டில் விளக்கேற்றி இருப்பவர் யார், யார் சொல்லி இருக்கின்றார் என்று கேட்டறிவது தோம்பு பார்ப்பதற்குச் சமமான வேலை. அதனைப் பதிவகத்திற் கேட்க முடியாது. கோயில் வாசலிலும், குடிப்பெரியவர்களிடத்தும், கிராம அலுவலரிடத்தும் கேட்க வேண்டும்.

உறுதி நேரானபின் வீட்டுக்கு வரலாம். முதலிற் கூரை. வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி கடந்தும் பெய்யும். 2011ஆம் ஆண்டு தை மாத வெள்ளத்தைக் கண்டவர்க்கு அதன் வலிமை தெரியும். எனவே மழை ஓய்ந்தபின் ஓட்டை இறக்கி, அடுத்த ஐப்பசிக்கு முன் ஏற்றிவிட வேண்டும். மாசி பங்குனியில் ஆள் கிடைப்பது அரிது. ஊரே அறுவடையில் நிற்கும். கைமரமும் சலாகையும் மாற்ற வேண்டியவை மாற்றப்படும். முதிரை, பாலை போன்ற காட்டுமரத்தை நினைத்தவுடன் வெட்டிக் கொணர முடியாது, அனுமதி வேண்டும். இடித்த வீடுகளின் பழைய மரத்தை விலைக்கு வாங்குவதே பலர் கையாளும் வழி.

அடுத்தது சுவர். இதிலேதான் பணம் உள்ளவர் பெரும்பாலும் தவறு செய்கின்றனர். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு, அல்லது பச்சை மண்கல் கொண்டு எழுந்தது. வாவிநீர் உவர்நீர், கரையோர மண்ணில் உப்பு உண்டு. ஈரம் அவ்வுப்பைச் சுமந்து சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே உலரவிடும்; உப்பு பூச்சின் மேற்பரப்பிற் பூத்து, சில ஆண்டில் பூச்சு உதிரும்; மறுபடி பூசினால் சுவர் உள்ளே நலமாயிருக்கும். பூச்சு உதிர்கின்றதே என்று சினந்து சீமெந்தை அழுத்திப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறும். உப்பு உள்ளே கல்லிற் படிந்து கல்லைப் பொடியாக்கும். வெளியே சுவர் பளபளவென்று நிற்கும். ஒருநாள் சீமெந்துப் பூச்சு பலகைபோற் கழன்று விழ, பின்னால் மண் கொட்டும். சுண்ணாம்பை நீற்றி, பல நாள் நனைய வைத்து, மணல் சேர்த்துப் பூசத் தெரிந்த மேசன்மார் இன்று முதியவர்கள். அவர்களோடு ஓர் இளைஞனைக் கூட நிறுத்துவது வீட்டுக்காரரின் செலவிற் சேர வேண்டும்.

கிடுகு வேய்ந்த அடுக்களை ஒன்று பின்புறத்தில் இருந்தால் அதனை இடித்துவிடுமாறு படம் வரைபவர் சொல்லுவார். அவசரப்படுதல் கூடாது. புகையும் காற்றும் போக அதனினும் நல்ல அமைப்பைக் காண்பது அரிது. மேலும் அந்த இடம் வெறும் சமையலிடம் அன்று. மகளுக்கு வீட்டைக் கொடுத்தபின் தாய் ஒதுங்கும் இடம் அதுவாகவே பெரும்பாலும் இருந்துள்ளது.

அம்பிலாந்துறைப் பக்கத்துத் தாய் நன்கொடை உறுதிக்கு இசைந்தாள். மகனும் ரொறன்ரோவிலிருந்து அற்றோணித் தத்துவப் பத்திரம் அனுப்பினான் என்று கொள்க. உறுதி மகள் பெயரில் எழுதப்படும். அப்பொழுது நொத்தாரிசு ஒரு கேள்வி கேட்பார்: தாய்க்குச் சீவிய உரித்து ஒதுக்குவதா? மகள் தொலைபேசியில், 'அம்மாவுக்கு எதற்கு எழுத்து, வீடே அவளுடையதுதானே' என்று சொல்லக்கூடும். அன்பினாற் சொன்னாலும் அந்த வரியை எழுதிவிடுவதே நன்று. அது எழுதிப் பதிவான பின்னரே அந்த முதியவள் தன் பெட்டகத்தைப் பாதையில் ஏற்றி வாவியைக் கடந்து, பழைய அடுக்களைப் பத்தியில் இறக்கிவைக்க வேண்டும்.