பூட்டிய வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் காப்பீடு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



வீட்டுக் காப்பீடு பற்றி விசாரிச்சுட்டு வந்து பேசணும்னு போன செயற்குழுக் கூட்டத்தில் என்கிட்ட பொறுப்பு கொடுத்தாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. நாகப்பட்டினத்தில் இன்சூரன்ஸ் ஆபீசுக்கும், நம்ம குழுக் கணக்கு இருக்கிற வங்கிக்கும் போய், புரியாத இடத்தை எல்லாம் நாலு தடவை கேட்டு எழுதிக்கிட்டு வந்தேன். அதைத்தான் சொல்லப் போறேன்.

நாம மாட்டுக் கடன் வாங்கினா, மாட்டுக்குக் காதுவில்லை போட்டு இன்சூரன்ஸ் எடுக்கிறோம். ஆனா பத்து லட்சம் போட்டுக் கட்டின வீட்டுக்கு எத்தனை பேர் எடுத்திருக்கோம்? நம்ம வீடெல்லாம் எப்படி வந்தது? குழுக் கடன், வங்கிக் கடன், அடகு வச்ச நகை, வெளிநாட்டில் இருந்து வந்த காசு. வீடு இடிஞ்சாலும் தவணை நிக்காது. மாசம் பிறந்தா கட்டித்தான் ஆகணும்.

நாம குடியிருக்கிற வீட்டையாவது கண்ணால பார்த்துக்கிட்டு இருக்கோம். நம்ம பக்கம் பூட்டிக் கிடக்கிற வீடுதான் அதிகமாகிக்கிட்டே போகுது. எங்க தெருவில் 18 வீடு, அதுல 5 வீடு பூட்டு. ஒருத்தர் திருப்பூர், ஒருத்தர் சென்னை, மத்தவங்க சிங்கப்பூர், துபாய். சாவி யார்கிட்ட இருக்கு? பக்கத்து வீட்டுப் பொம்பளைகிட்ட, அதாவது நம்மகிட்ட. அதனால இந்த விஷயம் வெளியூரில் இருக்கிறவங்களுக்கு மட்டும் இல்லை, நமக்கும்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆள் இருந்த வீட்டில் விடிஞ்சதும் தார்ப்பாய் கட்டினோம், தண்ணியை இறைச்சோம், சாமானை மேட்டில் ஏத்தினோம். பூட்டிக் கிடந்த வீட்டில் ஓடு பறந்த ஓட்டை வழியா மழை இறங்கி, தண்ணி நாள் கணக்கில் நின்னு, கதவு நிலை எல்லாம் ஊறிப் போச்சு. வீட்டுக்காரங்க வந்து பார்த்தப்போ, புயல்ல போனதை விட அப்புறம் போனதுதான் அதிகம்.

இப்போ காப்பீட்டுக்கு வர்றேன். 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்குன்னே 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று ஒரே மாதிரியான பாலிசி வந்திருக்கு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்தது. எந்தப் பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் கேட்டாலும் அடிப்படை விதி ஒன்றுதான். தீ, இடி மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், தண்ணித் தொட்டி அல்லது குழாய் வெடிச்சு வர்ற சேதம், மரம் சாய்ஞ்சோ வண்டி மோதியோ வர்ற சேதம், இதெல்லாம் அதில் அடங்கும். நம்ம ஊரில் வீட்டுக்கு ரெண்டு தென்னையாவது இருக்கு. தென்னை வீட்டு மேல சாய்ஞ்சாலும் கேட்கலாம்.

எவ்வளவு தொகைக்கு எடுக்கணும்? மனை விலையைச் சேர்க்கக் கூடாது. நிலம் எரியாது. அதே வீட்டைத் திரும்பக் கட்ட என்ன செலவு ஆகுமோ அதுதான் கணக்கு. 500 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,000 ரூபாய்னு வச்சுக்கிட்டா 10 லட்சம். கட்டடத்துக்கு எடுத்தா, அந்தத் தொகையில் 20 சதவீதம் வரைக்கும், அதிகபட்சம் 10 லட்சம், வீட்டுச் சாமானுக்கும் தானாகவே சேர்ந்து வருது. கட்டில், பீரோ, டிவி, மிக்சின்னு தனித்தனியா எழுதிக் கொடுக்க வேண்டாம். நகை இதில் சேராது. அதுக்குத் தனியா எழுதி, தனியா பணம் கட்டணும். பூட்டிட்டுப் போற வீட்டில் நகையை வைக்காம இருக்கிறதுதான் நல்லது. பிரீமியம் வீட்டையும் தொகையையும் பொறுத்து மாறும். ஆனா லட்சத்துக்கு இவ்வளவுன்னு பார்த்தா, மாட்டுக்குக் கட்டுறதை விட வீட்டுக்கு ரொம்பக் குறைவு.

இப்போ எதுக்குக் கிடைக்காதுன்னு சொல்றேன். இதைத்தான் யாரும் நமக்கு முன்னாடியே சொல்றது இல்லை.

முதலாவது, திருட்டு. பூட்டின வீட்டுக்கு நாம பயப்படுறதே திருட்டுக்குத்தான். ஆனா இந்தப் பாலிசியில், புயல், தீ மாதிரி ஒரு சேதம் நடந்து, அதுல இருந்து 7 நாளுக்குள்ள நடக்கிற திருட்டுக்கு மட்டும்தான் பணம். சும்மா ஒரு ராத்திரி பூட்டை உடைச்சு எடுத்துட்டுப் போனா வராது. அதுக்குத் திருட்டுக் காப்பீடுன்னு தனியா சேர்த்து எடுக்கணும்.

ரெண்டாவது, பூட்டிக் கிடக்கிற நாள். வீடு நீண்ட நாள் ஆள் இல்லாம இருக்கப் போகுதுன்னா நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லிடணும். எத்தனை நாளுக்கு மேல போனா சொல்லணும்னு பாலிசிக்குப் பாலிசி மாறும். முக்கியமா திருட்டுக் காப்பீட்டில் இந்த நாள் கணக்கைப் பார்த்துதான் கையெழுத்துப் போடணும். "ஆள் இருக்கோம்"னு எழுதிட்டு வருஷம் முழுக்கப் பூட்டி வச்சா, பணம் கேட்கிற நேரத்தில் அதையே காரணமா காட்டுவாங்க.

மூணாவது, மெள்ள மெள்ள வர்ற சேதம். கரையான், ஓதம், துருப்பிடிச்ச கம்பி, பழைய ஓட்டு வழியா வருஷக் கணக்கா ஒழுகுறது, இதுக்கெல்லாம் எந்த பாலிசியிலும் வழி இல்லை. பூட்டின வீட்டை முக்கால்வாசி தின்கிறது இதுதான். அதுக்கு மருந்து மாசம் ஒரு தடவை திறந்து, கூட்டி, காத்தாட விட்டு, கூரையைப் பார்க்கிறதுதான்.

வாடகைக்கு விட்டவங்களுக்கு ரெண்டு வார்த்தை. வீட்டுக்காரங்க பாலிசி கட்டடத்துக்கும் வீட்டுக்காரங்க சாமானுக்கும்தான். குடியிருக்கிறவங்க கட்டில், துணிமணி, தையல் மெஷின் இதில் வராது. வாடகைக்கு இருக்கிற தங்கச்சிகள் சாமானுக்கு மட்டும் தனியா எடுக்கலாம், வீடு நம்ம பேரில் இருக்கணும்னு இல்லை. இந்தப் பாலிசியில் இன்னொரு நல்லது, புயல்லயோ தீயிலயோ வீடு குடியிருக்க முடியாம போனா, சரி பண்ற வரைக்கும் நின்னுபோன வாடகையையும் கேட்கலாம். ஆனா வாடகை வந்ததுக்கு அத்தாட்சி வேணும். நம்ம ஊரில் வாய்ப்பேச்சுதான், சீட்டே கிடையாது. இனிமே ஒரு ஒப்பந்தம் எழுதுங்க, வாடகை வாங்கினா கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.

வேளாங்கண்ணிப் பக்கம் இருக்கிற அக்காக்களுக்கு இது முக்கியம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தில் இருந்து செப்டம்பர் 8 வரைக்கும் வீட்டையே யாத்ரீகர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுட்டு, நாம பின்கட்டில் இருந்துக்கிறோம். பத்து நாள் வருமானம் ஒரு குடும்பத்துக்குப் பெரிய உதவி. ஆனா பாலிசி குடியிருக்கிற வீட்டுக்கு. நாள் வாடகைன்னா தொழில் மாதிரி ஆயிடும். "இந்த மாசம் இப்படி விடுறோம்"னு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, ஒத்துக்கிட்டதுக்குப் பதிலை வாங்கி வச்சுக்கணும். ஒரே வீட்டில் நாலு அடுப்பு எரியுற நாள் அது.

அடுத்து, வங்கியில் வீட்டுக் கடன் வாங்கினவங்க. "இன்சூரன்ஸ் பிடிச்சிருக்காங்க, அதனால கவலை இல்லை"னு நிறைய பேர் சொல்றோம். அது எந்த இன்சூரன்ஸ்னு பார்த்தோமா? கடன் வாங்கினவர் இறந்தா கடனை அடைக்கிறது ஒன்று. வீடு சேதமானா பணம் தர்றது வேற. கடனோட பிடிச்ச பாலிசியின் நகலைக் கேட்டு வாங்குங்க. கேட்கிறது நம்ம உரிமை.

பட்டா இன்னும் மாமனார் பேரில் இருக்கிற வீடு நம்மகிட்ட நிறைய. கட்டினது மகன், கடன் கட்டுறது மருமக, பத்திரம் காலமானவர் பேரில். சேதம் ஆனப்புறம் வாரிசுச் சான்று தேடி அலையுறதை விட, இப்பவே பட்டாவை மாத்திட்டு பாலிசி எடுங்க. வீட்டு வரி ரசீதையும் கரண்ட் பில்லையும் பூட்டின வீட்டுக்கும் விடாம வச்சிருங்க.

கடைசியா, சாவி வச்சிருக்கிற நமக்கு. வீட்டுக்காரங்க போன் நம்பர், பாலிசி எண், நிறுவனத்தோட நம்பர் மூணையும் ஒரு தாளில் எழுதி பீரோக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. புயல் சீசனுக்கு முன்னாடி, ஐப்பசி பிறக்கிறதுக்குள்ள, வீட்டுக்குள்ள இருக்கிற சாமானை எல்லாம் செல்போனில் போட்டோ எடுத்து அனுப்பிடுங்க. சேதம் ஆனா முதல்ல போட்டோ, உடனே நிறுவனத்துக்குத் தகவல். மேல ஒழுகாம தார்ப்பாய் போடலாம். ஆனா சர்வேயர் வந்து பார்க்கிற வரைக்கும் இடிஞ்சதை அள்ளிக் கொட்டாதீங்க, உடைஞ்ச சாமானைத் தூக்கிப் போடாதீங்க. திருட்டுன்னா போலீஸ் புகார், எஃப்.ஐ.ஆர். நகல் கட்டாயம்.

பணம் தர மறுத்தா, காரணத்தை எழுத்தில் கேளுங்க. நிறுவனத்துக்கே முதல்ல புகார் எழுதுங்க. 30 நாளில் பதில் வரலைன்னாலும், வந்த பதில் சரியில்லைன்னாலும் சென்னையில் இருக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆணையத்தோட புகார் நம்பர் 155255.

நான் கேட்டுக்கிறது ஒன்றுதான். வர்ற மாசக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் தங்கள் தெருவில் பூட்டின வீடு எத்தனை, வாடகை வீடு எத்தனை, யாருக்குப் பாலிசி இருக்கு, சாவி யார்கிட்டன்னு தீர்மான நோட்டில் எழுதுங்க. அந்தப் பட்டியலோட கூட்டமைப்பு ஒரு நாள் காப்பீட்டு அதிகாரியை இங்கேயே கூப்பிட்டு, நம்ம கேள்விக்கு எல்லாம் பதில் சொல்ல வைக்கட்டும். ஒருத்தியா போய் நின்னா ஒரு வார்த்தையில் அனுப்பிடுவாங்க. கூட்டமா கேட்டா உட்கார வச்சுச் சொல்லுவாங்க. அது இந்தக் கூட்டமைப்பில் நாம எல்லாரும் பார்த்ததுதானே.