கொடி ஏறிய ஆண்டில் எங்கள் வாக்கு எங்கே போனது?
(வட்டக்கச்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1948 பெப்ரவரி 4 இல் வெள்ளைக்காரன் கொடி இறங்கியது. அதே ஆண்டு ஓகஸ்டில் பிரஜாவுரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சுதந்திரத்துக்கு ஏழு மாதம் நிறையவில்லை, தோட்டத் தொழிலாளி நாடற்றவன் ஆனான். இரண்டையும் செய்தது ஒரே அரசாங்கம். அது எப்படி என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

இலங்கையின் சுதந்திரம் பெரும்பாலும் மேசையில் பேசி வாங்கப்பட்டது. பேசியவர்கள் காணிக்காரர், படித்த கனவான்கள். 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதே தோட்டத்து ஆட்களுக்கு வாக்குக் கொடுப்பதை அவர்களில் பலர் விரும்பவில்லை. ஆனாலும் நம்மில் ஒரு பகுதியினர் வாக்காளரானோம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் விழுந்தார். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் வென்றது. வேறு பல தொகுதிகளிலும் நம் வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. தொழிலாளி வாக்கின் பலத்தை அன்றுதான் அவர்கள் கண்டு பயந்தார்கள் என்பது எங்கள் கருத்து.

டி. எஸ். சேனநாயக்கவின் எண்ணத்தில் நாட்டின் அச்சாணி விவசாயி. குளத்தைத் திருத்து, காட்டை வெட்டு, காணியில்லாதவனுக்குக் காணி கொடு. நல்ல எண்ணம்தான். இரணைமடுத் தண்ணீரில் வயல் விளையும் இந்த வட்டக்கச்சிக் குடியேற்றமும் அந்தக் கொள்கையின் பிள்ளையே. ஆனால் தேயிலை பறித்து அந்நியச் செலாவணி தேடிக் கொடுத்தவனுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அவன் கூலி, வந்தேறி.

சட்டம் கேட்டது என்ன? இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும். லயத்துக் காம்பராவில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் தேடு என்றால் எங்கே போவது? 1949 இல் இன்னொரு சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. அதே ஆண்டு வாக்காளர் இடாப்பிலிருந்தும் பெயர்களை எடுக்கச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் நமக்கு ஒரு ஆசனமும் இல்லை.

சோல்பரி யாப்பில் 29 ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. மற்றவர்களுக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தின் மீது மட்டும் போடும் சட்டம் செல்லாது என்பது அதன் சாரம். அதை நம்பி கோடக்கன் பிள்ளை என்பவர், வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்கக் கேட்டு, லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனார். 1953 இல் தோற்றார். தன் பிரஜை யார் என்று வகுப்பது நாடாளுமன்றத்தின் இயல்பான அதிகாரம் என்று சொல்லிவிட்டார்கள். சட்டத்தில் நம் சமூகத்தின் பெயர் எழுதியிருக்கவில்லையாம்! பெயர் எழுதாமலே ஆளை அடையாளம் காட்டத் தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் அது.

வடக்குத் தலைவர்களும் ஒன்றுபட்டு நிற்கவில்லை. ஜி. ஜி. பொன்னம்பலம் அரசில் சேர்ந்தார். செல்வநாயகம் பிரிந்துவந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1964 ஒக்டோபரில் ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தம். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இங்கே, மிச்சம் பிறகு பார்ப்போம் என்று, நம்மைக் கேட்காமலே பங்கு பிரித்தார்கள். பிறகு எழுபதுகளின் பஞ்சம், 1977 கலவரம். சட்டி பானையோடு வன்னிக்கு வந்து காடு வெட்டினோம், அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றோம். பிரஜாவுரிமை இல்லாதவனுக்குக் காணி பெர்மிட் இல்லை. குடியேற்றத் திட்டத்தின் வாய்க்கால் ஓரத்தில் இருந்தும் அந்தத் தண்ணீரில் நமக்குப் பங்கு வரவில்லை.

2003 இல்தான் மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்கச் சட்டம் வந்தது. வாக்குச் சீட்டு இப்போது கையில் இருக்கிறது. காணிப் பத்திரம் நம்மில் பலருக்கு இன்னும் இல்லை. இருக்கிற மண்ணுக்குப் பெர்மிட் இல்லாத குடும்பங்கள் கூட்டம் முடிந்து போகுமுன் பெயர் கொடுங்கள். பழைய கூப்பன் அட்டையோ, தோட்டத்துத் துண்டோ, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றோ எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். பிரதேச செயலகத்துக்கு எல்லோருமாக ஒரே நாளில் போவோம்.