ஆயரின் நாற்காலி எங்கே இருக்கிறது?

(நம் குடியிருப்பின் பொது அறையில் நடந்த கூட்டத்தில் பேசியது. செயலாளர் கேட்டுக்கொண்டபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



போன மாதம் நாமெல்லாம் வேன் பிடித்து வேளாங்கண்ணி போய் வந்தோமே, திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கே மூன்றாம் மாடி மாமி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சார், இவ்வளவு பெரிசா இருக்கே, இதுதானே தஞ்சாவூர் கதீட்ரல்?" "இல்லை மாமி" என்றேன். "அப்ப கதீட்ரல் எது?" என்பதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். அந்தப் பாக்கியைத்தான் இன்று தீர்க்கிறேன். நான் கத்தோலிக்கன் இல்லை. ஏதாவது தப்பாகச் சொன்னால், நம்மிடையே இருக்கும் கத்தோலிக்கக் குடும்பத்தார் தயங்காமல் திருத்தலாம்.

குழப்பம் மாமியுடையது மட்டும் இல்லை, தமிழே அதற்கு இடம் கொடுக்கிறது. கதீட்ரல் என்றாலும் பேராலயம் என்கிறோம், பசிலிக்கா என்றாலும் பேராலயம் என்கிறோம். பசிலிக்கா என்பது போப்பாண்டவர் ஒரு கோயிலுக்குக் கொடுக்கும் சிறப்புப் பட்டம். வேளாங்கண்ணிக்கு அதை 1962-இல் போப் 23-ஆம் ஜான் கொடுத்தார். திருக்காட்டுப்பள்ளி பக்கத்துப் பூண்டி மாதா கோயிலுக்கு 1999-இல் கிடைத்தது. கதீட்ரல் என்பது பட்டம் இல்லை, அது நிர்வாகம் சம்பந்தப்பட்டது. லத்தீனில் 'கத்தேத்ரா' என்றால் நாற்காலி. ஆயருடைய நாற்காலி எந்தக் கோயிலில் போடப்பட்டிருக்கிறதோ அதுதான் கதீட்ரல். கோயில் சின்னதா பெரியதா, கூட்டம் வருகிறதா இல்லையா என்பதெல்லாம் கணக்கில் வராது.

எங்கள் பாஷையில் சொன்னால், வேளாங்கண்ணி அதிகமாக வரவு செலவு நடக்கும் கிளை. தலைமை அலுவலகம் தஞ்சாவூரில் இருக்கும் திரு இருதயப் பேராலயம். இந்தக் 'கிளை' என்ற சொல்லை நான் இழுத்து வந்து ஒட்டவில்லை, அவர்களும் அதையே சொல்கிறார்கள். ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள பகுதி 'பங்கு', அதைச் சேர்ந்த சின்ன ஊர்கள் 'கிளைக் கிராமங்கள்'. பி.காம். படித்த எனக்குப் பங்கு என்றால் முதலில் ஷேர் மார்க்கெட்தான் ஞாபகம் வந்தது. வேளாங்கண்ணியே ஒரு காலத்தில் நாகப்பட்டினம் பங்கின் கிளைதான். 1771-இல்தான் அது தனிப் பங்கானது.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு தப்புச் செய்து தெரிந்துகொண்டேன்.

1983-இல் நாகப்பட்டினம் பக்கம் ஒரு கிளையில் குமாஸ்தாவாக இருந்தேன். வேளாங்கண்ணிக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். புருஷன் காலமாகிவிட்டார். அவர் பெயரில் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் டெபாசிட். நாமினி எழுதி வாங்கும் ஏற்பாடு அப்போது வங்கிகளில் வந்திருக்கவில்லை. நான்தான் மனைவி என்று அந்த அம்மா நிரூபிக்க வேண்டும். இரண்டு காகிதம் கொடுத்தார். ஒன்று 1948-இல் கல்யாணம் ஆனபோதே கொடுத்த சான்று, மடிப்பில் கிழிந்து பழுப்பேறிப் போனது. இன்னொன்று அந்தக் கோயிலிலேயே புதிதாக எழுதி வாங்கிய நகல்.

பழையதில் மயிலாப்பூர் மறைமாவட்டம் என்று இருந்தது. புதியதில் தஞ்சாவூர் மறைமாவட்டம். ஒரே கல்யாணம், ஒரே கோயில், ஒரே தேதி, ஆனால் இரண்டு மறைமாவட்டம். நாகப்பட்டினம் தாலுகாவில் நடந்த கல்யாணத்துக்கு மயிலாப்பூர் எப்படி வரும்? ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டேன். "ஊர் பொருந்தவில்லை, சரி பண்ணிக்கொண்டு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பினேன். அந்த அம்மா மூன்று தடவை பஸ் ஏறி வந்தார். மூன்று தடவையும் அதே பதில். கோபப்படவில்லை. மூன்றாவது தடவை, "மெட்ராஸ் நான் பார்த்ததே இல்ல தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் காகிதத்தில் மயிலாப்பூர் வந்ததற்குக் காரணம் போர்ச்சுகல் அரசாங்கம்!

16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் நம் கடற்கரைக்கு வியாபாரத்துக்கு வந்தபோது, கூடவே சாமியார்களும் வந்தார்கள். கோயில் கட்டவும் சாமியார்களைப் பராமரிக்கவும் பணம் கொடுப்பது போர்ச்சுக்கீசிய அரசரின் கடமை. அதற்குப் பதிலாக ஆயர்களை நியமிக்கப் பெயர் சொல்லும் உரிமையை ரோமாபுரி அவருக்குக் கொடுத்தது. இந்த ஏற்பாட்டுக்குப் 'பத்ரவாதோ' என்று பெயர். அப்படி 1606-இல் உண்டானதுதான் மயிலாப்பூர் மறைமாவட்டம். நாகப்பட்டினத்தை 1658-இல் டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கோட்டை போயிற்று, வியாபாரம் போயிற்று, ஆனால் கோயில் விஷயத்தில் போர்ச்சுக்கீசிய உரிமை போகவில்லை. கணக்கை முடித்த பிறகும் பழைய மேனேஜரின் கையெழுத்தே செல்லுபடியாகிக்கொண்டிருந்த மாதிரி!

நடுவில் ரோமாபுரி 1622-இல் மறைபரப்புக்குத் தனியாக ஒரு துறை அமைத்து, நேரடியாகவும் ஆட்களை அனுப்பத் தொடங்கியது. அதனால் பல இடங்களில் ஒரே ஊருக்கு இரண்டு தரப்புச் சாமியார்கள். யார் அதிகாரம் எது வரைக்கும் என்று தலைமுறை தலைமுறையாகத் தகராறு. 1838-இல் மயிலாப்பூர் ஆயரின் அதிகாரத்தை ரோமாபுரி நிறுத்தி வைத்தது. 1886-இல் ஒப்பந்தம் போட்டுத் திருப்பிக் கொடுத்தது. தஞ்சாவூர், வேளாங்கண்ணி எல்லாம் மயிலாப்பூரின் கீழே இருந்தன. கும்பகோணமோ பிரெஞ்சுச் சாமியார்கள் நடத்திய புதுச்சேரியின் கீழே இருந்து, 1899-இல் தனி மறைமாவட்டம் ஆகிவிட்டது.

ஆக, 300 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னைக் கடற்கரையில் இருக்கும் சாந்தோம்தான் நம் ஊர்க் கத்தோலிக்கருக்கு அப்போது கதீட்ரல். நம்மில் பலர் அதைப் பார்த்திருப்போம். இயேசுவின் சீடர் தோமையாரை அடக்கம் செய்த இடம் அது என்பது நெடுங்கால நம்பிக்கை. அங்கே போர்ச்சுக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலை 1893-இல் இடித்துவிட்டு, இப்போது இருக்கும் கோதிக் கட்டடத்தை எழுப்பினார்கள். கட்டச் செய்தவர் ஆயர் ரீட் த சில்வா. வரைபடம் போட்டவர் கேப்டன் பவர் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். 1896-இல் திறப்பு. கோபுரம் 155 அடி உயரம்.

வெளியே நின்று பார்க்கும்போது அந்தப் பெரிய கோபுரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். கூரை நடுவில் சின்னதாக இன்னொரு கோபுரம் இருக்கும். கல்லறை இருக்கும் இடத்தைக் காட்டுவது அதுதான். உள்ளே கூர்முனை வளைவுகளைக் கவனியுங்கள். அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும். கூர்முனை வளைவு அதைப் பெரும்பாலும் கீழ்நோக்கி இறக்கிவிடும். அதனால் சுவரை உயர்த்தலாம், நெட்டையான ஜன்னல் வைத்து வண்ணக் கண்ணாடி பதிக்கலாம். சுவர் வெளியே சாயாமல் இருக்க அங்கங்கே முட்டுத் தூண் கொடுத்திருப்பார்கள். ஐரோப்பாவில் இதைக் கல்லில் செய்தார்கள். நம் டெல்டாவில் கல் ஏது? பெரிய கோயிலுக்கே கருங்கல்லை வெளியிலிருந்துதான் ராஜராஜன் கொண்டுவந்தான். வண்டல் மண்ணில் கிடைப்பது செங்கல். ஆகவே இந்தப் பக்கத்துப் பழைய கோயில்களில் அதே கூர்வளைவைச் செங்கல்லில் கட்டி, சுண்ணாம்பு பூசி, வெள்ளை அடித்தார்கள். அந்தக் காரையைக் கொத்திவிட்டு டைல்ஸ் ஒட்டும் இடங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. சிமெண்டும் டைல்ஸும் போட்டால் பழைய சுவருக்குள் ஈரம் மாட்டிக்கொள்ளும், சுவர் உப்புப் பூத்து உதிரும். கோயிலுக்கு மட்டும் இல்லை, கிராமத்தில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் மயிலாப்பூருக்கு ஆயர் யார் என்று லிஸ்பனைக் கேட்பது எப்படிப் பொருந்தும்? 1950-இல் போர்ச்சுகல் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தது. 1952 நவம்பர் 13 அன்று மயிலாப்பூரும் சென்னையும் ஒன்றாகி ஒரே உயர்மறைமாவட்டம் ஆயின. அதே நாளில் தஞ்சாவூர் தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. 1953-இல் ஆர்.ஏ.சுந்தரம் முதல் ஆயரானார். அப்போதெல்லாம் மேற்றிராணியார் என்பார்கள். 1986 வரை அவர்தான் ஆயர். நாற்காலி சாந்தோமிலிருந்து தஞ்சாவூருக்கு வந்தது இப்படித்தான்.

ஆனால் எல்லைக்கோடு பழைய தகராறின் தடத்திலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் இருக்கும் பூண்டி மாதா கோயில் கும்பகோணம் ஆயரின் கீழே வருகிறது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேளாங்கண்ணி நம் தஞ்சாவூர் ஆயரின் கீழே வருகிறது. வரைபடத்தை மட்டும் பார்த்தால் இது புரியாது.

எனக்கும் 1983-இல் புரியவில்லை. மூன்றாவது தடவை அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பிய அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை அரை நாள். மத்தியானம் பஸ் ஏறி அந்தக் கிராமத்துப் பங்குத்தந்தையைப் போய்ப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு, அலமாரியிலிருந்து இரண்டு பேரேடுகளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று திருமணப் பதிவேடு, 1948. மற்றது ஞானஸ்நானப் பதிவேடு, 1921. திருமணப் பதிவேட்டில் மாப்பிள்ளை, பெண், சாட்சிகள் பெயரெல்லாம் லத்தீனில் இருந்தன. 1921 பதிவேட்டில் அந்த மாப்பிள்ளை குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற பதிவு. அதன் ஓரத்தில், இன்னாரை இந்தத் தேதியில் மணந்தார் என்று 1948-இல் எழுதிய குறிப்பு. கல்யாணம் ஆனால், ஞானஸ்நானம் கொடுத்த பங்குக்குத் தகவல் போய், அங்கே ஓரத்தில் பதிய வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஒரு பக்கம் பற்று, மறு பக்கம் வரவு. இரட்டைப் பதிவுக் கணக்கைக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தவன் நான். அந்தக் கிராமத்தில் அதைப் பார்த்து வாயடைத்து நின்றேன்.

அவர் 1952 விவரத்தை ஒரு கடிதமாக எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். திங்கட்கிழமை பென்சில் கேள்விக்குறியை அழித்துவிட்டு, மேனேஜரிடம் நானே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினேன். பணம் வாங்க வந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல தம்பி, ஓட்டுன சீட்டுக் கிழியாம குடுத்தீங்களே" என்றார். முந்தின தடவை திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பழைய சான்றின் கிழிசலை நான் பசை போட்டு ஒட்டியிருந்தேன். அவருக்கு அதுதான் ஞாபகம் இருந்தது.

மாமி, திரு இருதயப் பேராலயத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். பீடத்தருகே ஆயரின் இருக்கை எது என்று கேட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முறை, புனித வாரத்தை ஒட்டி, மறைமாவட்டத்துச் சாமியார்கள் எல்லாரும் ஆயரோடு கூடுவார்கள். ஞானஸ்நானத்துக்கும் நோயாளிகளுக்கும் பூசும் எண்ணெய்களை ஆயர் மந்திரித்துக் கொடுப்பார். அவை அங்கிருந்து ஒவ்வொரு பங்குக்கும் போகும். வேளாங்கண்ணிக்கும் அப்படித்தான்.

இன்னொன்று, நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு. தாத்தா பாட்டி காலத்துச் சான்றில் மயிலாப்பூர் என்று இருந்தால், சென்னைக்கு அலைய வேண்டாம். அதில் எழுதியிருக்கும் பங்கின் பெயரைப் பாருங்கள். பதிவேடு அந்தக் கோயில் அலமாரியில்தான் இருக்கும்.