தீர்ப்பு வந்தது, கதவு திறந்ததா?

(அமெரிக்கப் பாடசாலைகளில் நிலவிய நிறப் பாகுபாடு பற்றிப் பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர் நீதிமன்று 1954 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் நாள் வழங்கிய தீர்ப்பைப் பற்றிக் கேள்விப்படாதோர் இங்கு மிகச் சிலரே இருப்பர். அரசாங்கப் பாடசாலைகளில் நிறத்தின் பெயரால் பிள்ளைகளைப் பிரித்துவைத்தல் அரசியலமைப்புக்கு முரணானது என ஒன்பது நீதியரசர்களும் ஒருமுகமாகக் கூறிய தீர்ப்பு அது. பிரதம நீதியரசர் ஏர்ள் வாரன் அதனை வாசித்தார். அத்துடன் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். சட்டத்தரணிகள் வாதாடினர், நீதியரசர்கள் தீர்ப்பளித்தனர், பிள்ளைகள் ஒரே வாங்கில் அமர்ந்தனர் என்று பாடப்புத்தகங்கள் சுருக்கிச் சொல்லிவிடுகின்றன. நடந்தது அதுவன்று. தீர்ப்புக்கு முன்னே அதற்கு விலை கொடுத்தவர் யாவர், தீர்ப்புக்குப் பின்னே நேர்ந்தது யாது என்பவற்றையே நாம் இன்று பேசக் கருதுகின்றோம்.

அடிமை முறை ஒழிந்து முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், 1896 இலே, அதே உயர் நீதிமன்று வேறொரு தீர்ப்பை வழங்கியிருந்தது. லூசியானா மாநிலத்துப் புகைவண்டியில் வெள்ளையர் பெட்டியில் அமர்ந்த ஒருவரின் வழக்கு அது. வசதிகள் சமமாயிருப்பின் மக்களைப் பிரித்துவைப்பதிற் குற்றமில்லை என்று மன்று கூறிற்று. நீதியரசர் ஹார்லன் ஒருவரே மாறுபட்டு நின்றார். அன்றுதொட்டுத் தென் மாநிலங்களிலே பிரிப்பு இரும்புச் சட்டமாயிற்று; சமமோ ஏட்டளவிலே நின்றது.

அந்தச் சமத்தின் இலட்சணத்தைக் காணத் தென் கரோலினாவிலுள்ள கிளாரண்டன் மாவட்டத்துக்குச் செல்வோம். பருத்தி விளையும் பூமி அது. அங்கே 6,531 கறுப்பினப் பிள்ளைகளுக்கு 61 பாடசாலைகள். அவை அனைத்தினதும் பெறுமதி 1,94,575 டொலர். 2,375 வெள்ளைப் பிள்ளைகளுக்கு 12 பாடசாலைகள். அவற்றின் பெறுமதி 6,73,850 டொலர். 1949–50 ஆம் ஆண்டிலே வெள்ளைப் பிள்ளையொன்றுக்குச் செலவிடப்பட்டது 179 டொலர். கறுப்புப் பிள்ளையொன்றுக்கு 43 டொலர். வெள்ளைப் பிள்ளைகளை ஏற்றிச்செல்ல 30 பஸ் வண்டிகள் ஓடின. கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றுதானும் இல்லை.

அவர்கள் முதலிற் கேட்டது ஒரே பாடசாலையை அன்று. ஒரு பஸ் வண்டியை மட்டுமே. பெற்றோர் தம் காசைச் சேர்த்துப் பழைய வண்டியொன்றை வாங்கினர். அது அடிக்கடி பழுதாயிற்று. எண்ணெய்ச் செலவுக்கேனும் உதவுமாறு கல்விச் சபையை வேண்டினர். கறுப்பர் செலுத்தும் வரி சொற்பம், ஆதலால் வெள்ளையரின் வரிப்பணத்தை அதற்குச் செலவிடுதல் முறையன்று என்பதே கிடைத்த விடை. ஆசிரியரும் மதகுருவுமான யோசேப் டிலேன் என்பார் இவ்விடயத்தை ஊராரிடையே எடுத்துச் சென்றார். லீவை பியர்சன் என்னும் கமக்காரர் 1948 இல் வழக்குத் தொடுத்தார். அவரது காணி இரு கல்வி வட்டாரங்களின் எல்லையில் அமைந்திருந்ததையும் அவர் வரி செலுத்திய வட்டாரம் வேறு என்பதையும் காட்டி, வழக்கு விசாரணையின்றியே தள்ளப்பட்டது.

வழக்குத் தள்ளுபடியானதோடு பழிவாங்கல் நிற்கவில்லை. ஊரிலுள்ள வெள்ளையர் கடைகளும் வங்கிகளும் பியர்சனுக்குக் கடனை நிறுத்தின. பசளை வாங்க வழியில்லை. தம் காணியிலிருந்த மரங்களைத் தறித்து விற்க முனைந்தார்; மர ஆலை அவற்றை வாங்க மறுத்தது. அறுவடை இயந்திரத்தை வாடகைக்குக் கொடுப்பாரில்லை; விளைந்த பயிர் வயலிலேயே அழுகிற்று. இஃது எத்தகைய கொடுமை என்பதை இங்கு கூடியிருக்கும் கமக்காரர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. துப்பாக்கியும் கயிறும் அந்நாட்டிலே பிரசித்தமான ஆயுதங்கள். ஆயினும் விதைப்புக் காலத்திலே கடனை மறுத்தல் அவற்றிலும் ஓசையற்ற ஆயுதம்.

அவ்வூரார் அடங்கினரா? 1949 இலே நூற்றுக்கு மேற்பட்டோர் புதிய மனுவிற் கையொப்பமிட்டனர். முதலில் நின்ற பெயர் ஹரி பிரிக்ஸ் என்பது. எண்ணெய் நிரப்பு நிலையத்தில் அவர் பார்த்த தொழில் பறிபோயிற்று. அவர் மனைவி எலைசாவின் தொழிலும் பறிபோயிற்று. 1951 இலே மூவர் கொண்ட மன்றில் இருவர் அவர்களுக்கு எதிராகத் தீர்த்தனர். மூன்றாமவரான நீதிபதி வேரிங், பிரித்தல்தானே சமமின்மை என்று துணிந்து எழுதினார். சார்ள்ஸ்டன் நகரத்துப் பழங்குடும்பத்தவரான அவரைச் சொந்த இனத்தாரே ஒதுக்கினர்; மறுவருடம் அவர் மாநிலத்தைவிட்டே வெளியேறினார்.

இவற்றுக்குப் பின்னே சட்ட அறிஞரின் உழைப்பு நெடுங்காலம் நடந்தது. ஹவார்ட் பல்கலைக்கழகத்துச் சட்டப் பேராசிரியர் சார்ள்ஸ் ஹூஸ்டனும் அவர் மாணாக்கர் தேர்குட் மார்ஷலும், முதலிற் சட்டக் கல்லூரிகளையும் உயர் கல்வியையும் தாக்கிப் பின்னரே சிறுவர் பாடசாலைக்கு இறங்கிவந்தனர். 1950 இலே ஒக்லஹோமாப் பல்கலைக்கழகம் மக்லோரின் என்ற கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டும், வகுப்பிலும் நூலகத்திலும் உணவுச்சாலையிலும் அவருக்கெனத் தனி மேசை போட்டது. அவரோ முதிர்ந்த ஆசிரியர்! அதுவும் செல்லாதென்று உயர் நீதிமன்று தீர்த்தது.

வேர்ஜீனியாவிலே வழக்கைத் தொடக்கியவர்கள் பெரியோரல்லர், பிள்ளைகள். பாம்வில் என்னும் ஊரில் 180 பேருக்கெனக் கட்டிய உயர்தரப் பாடசாலையில் 450 பேர் நெருக்கப்பட்டனர். மிகுதிப்பட்டோர் தார்த்தாள் ஒட்டிய கொட்டில்களிற் கற்றனர். 1951 ஏப்ரில் 23 ஆம் நாள், பார்பரா ஜோன்ஸ் என்ற பதினாறு வயதுச் சிறுமி மாணாக்கரை மண்டபத்திற் கூட்டி வேலைநிறுத்தம் செய்வித்தாள். அவ்வழக்கும், கிளாரண்டன் வழக்கும், கன்சாஸ், டெலவெயர், தலைநகர் வாஷிங்டன் ஆகிய இடங்களின் வழக்குகளுமே 1954 இலே தீர்க்கப்பட்டவை.

ஆனால், 1955 இலே, அத்தீர்ப்பை எவ்வாறு நிறைவேற்றுவது என்று கூறவந்த அதே மன்று நாள் குறிக்கவில்லை. ‘நிதானமான விரைவுடன்’ செய்க என்றது. விரைவு என்னும் சொல்லைக் கறுப்பர் பற்றிக்கொண்டனர். நிதானம் என்னும் சொல்லை ஆள்வோர் பற்றிக்கொண்டனர். 1957 இலே லிற்றில் ரொக் நகரில் ஒன்பது மாணாக்கரைத் தடுக்க ஆளுநர் போபஸ் மாநிலப் படையை நிறுத்தியதும், ஜனாதிபதி ஐசன்ஹவர் கூட்டாட்சிப் படையை அனுப்பி அவர்களை உள்ளே கொண்டுசென்றதும் உலகறிந்தவை. உலகு அதிகம் அறியாதது பாம்வில் நகரின் பிந்திய கதை. ஒன்றாகக் கற்பிக்குமாறு கட்டளை பிறந்தபோது, 1959 இலே, அந்த மாவட்டத்தார் அரசாங்கப் பாடசாலைகள் அனைத்தையும் பூட்டினர். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் கல்லூரி எழுந்தது. பொதுப் பணத்திலிருந்து அதற்கு உதவியும் சென்றது. ஏறக்குறைய 1,700 கறுப்புப் பிள்ளைகளுக்கு எதுவுமில்லை. சிலர் தூரத்து உறவினரிடம் அனுப்பப்பட்டனர். பலர் வயலுக்குச் சென்றனர். 1964 இலே உயர் நீதிமன்று தலையிட்ட பின்னரே பூட்டுத் திறந்தது. ஐந்தாண்டு! ஏழு வயதிற் பாடசாலையை இழந்த பிள்ளை பன்னிரண்டு வயதில் அரிச்சுவடியைத் தொடங்குவதை எண்ணிப் பாருங்கள்.

தீர்ப்பு வந்து பத்தாண்டு கழிந்தும், தென் மாநிலங்களில் வெள்ளையர் பெரும்பான்மையாகக் கற்ற பாடசாலைகளிலிருந்த கறுப்புப் பிள்ளைகள் நூற்றுக்கு இருவரளவினரே. நிலையை மாற்றியது 1964 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். பாகுபாடு காட்டும் பாடசாலைக்கு மத்திய அரசின் பணம் இல்லை என்று அது விதித்தது. மறுவருடம் கல்விக்கென மத்திய அரசு பெருந்தொகை ஒதுக்கியதும், நீதிக்கு அசையாத கல்விச் சபைகள் நிதிக்கு அசைந்தன. 1968 இலும் 1969 இலும் உயர் நீதிமன்று தாமதத்துக்கு இனி இடமில்லை என்றது. 1988 அளவில் அவ்விகிதம் நூற்றுக்கு நாற்பத்து மூன்றாக உயர்ந்தது. அதிலும் ஒரு கைப்பு உண்டு. பாடசாலைகள் இணைந்தபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பரின் பாடசாலைகளே. தொழிலிழந்தோர் கறுப்பின ஆசிரியரே, பல்லாயிரவர்.

வடக்கே கதை வேறு. அங்கே சட்டம் பிரிக்கவில்லை, குடியிருப்புப் பிரித்தது. டிற்றொயிற் நகரினுள்ளே கறுப்பர், சுற்றுப்புற ஊர்களிலே வெள்ளையர். 1974 இலே, சுற்றுப்புற ஊர்களையும் இணைத்துப் பிள்ளைகளைக் கலத்தல் ஆகாது என்று உயர் நீதிமன்று ஐவருக்கு நால்வராகத் தீர்த்தது. நகர எல்லை ஒன்றே மதிலாயிற்று. மாறுபட்ட நால்வரில் ஒருவர் தேர்குட் மார்ஷல். 1967 இலே அம்மன்றின் முதற் கறுப்பின நீதியரசராகியவர். இருபதாண்டுக்கு முன் தாம் எந்த மன்றில் வாதாடி வென்றாரோ, அதே மன்றில் அமர்ந்து தம் வெற்றி சுருங்குவதைக் கண்டார். அதற்கு முந்திய ஆண்டிலே, உள்ளூர்க் காணி வரியைக்கொண்டு பாடசாலை நடத்துவதால் நேரும் ஏற்றத்தாழ்வு அரசியலமைப்புக்கு முரணன்று என்றும் அம்மன்று கூறியிருந்தது. செல்வர் ஊரில் நல்ல பாடசாலை, வறியோர் ஊரில் வறிய பாடசாலை. 1991 முதல் கீழ் மன்றுகளின் கட்டளைகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டு வந்தன.

மதகுரு டிலேனின் செய்தி எஞ்சியுள்ளது. 1951 இலே அவர் வீடு எரிக்கப்பட்டது. 1955 இலே அவர் கோயில் எரிக்கப்பட்டது. அவ்வருடமே இரவில் அவர் இல்லத்தின்மீது சுட்டனர். அவர் திருப்பிச் சுட்டார். அவரைக் கைதுசெய்யத்தான் ஆணை பிறந்தது. மாநிலத்தைவிட்டு ஓடியவர் மீண்டும் அங்கே வாழ முடியாமல், 1974 இலே அயல் மாநிலத்தில் இறந்தார். 2000 ஆம் ஆண்டிலேதான் தென் கரோலினா அக்குற்றச்சாட்டை அகற்றிற்று. 2004 இலே அமெரிக்கக் காங்கிரசின் தங்கப் பதக்கம் அவருக்கும், பிரிக்ஸ் தம்பதியருக்கும், கமக்காரர் பியர்சனுக்கும் வழங்கப்பட்டது. நால்வரும் அப்போது உயிருடன் இல்லை. பிள்ளைகளே வந்து பெற்றுக்கொண்டனர்.