பொருளுணர்ந்து படிக்கப் பழக்குவோம்

(வடசென்னைத் தமிழாசிரியர்களிடையே ஆற்றிய உரை)



எழுத்தறிந்தவன் வேறு, படித்துப் பொருளுணர்ந்தவன் வேறு. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் 14, 15 அகவையுடைய நம் பிள்ளைகள் பலர் தமிழ்ப் பாடத்தைத் தங்குதடையின்றி ஒப்பிக்கின்றனர். 'இதன் பொருள் என்ன?' என்று வினவினாலோ, வினாவிடை ஏட்டில் உள்ள வரியையே திருப்பிக் கூறுகின்றனர். குற்றம் பிள்ளைகளுடையதன்று. நெட்டுருவுக்கே மதிப்பெண் வழங்கும் தேர்வுமுறை அவர்களை அவ்வாறு ஆக்கிற்று.

இதனை மாற்ற விரும்பும் ஆசிரியர், நட்பு என்னும் பொருளிலிருந்து தொடங்குக. அவ்வகவையில் பெற்றோரினும் தோழரே பெரியராய்த் தோன்றுவர். ஆதலின், நட்பைப் பற்றிய பகுதிக்குத் தம் பட்டறிவைக் கொண்டே பிள்ளைகள் பொருள் தேடவியலும். அதற்கு அயன்மொழிக் கதைகளை நாட வேண்டுவதில்லை. திருவள்ளுவர் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களை, 50 குறள்களை, நட்பின் நன்மை தீமைகளுக்கே ஒதுக்கியுள்ளார்.

788-ஆம் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். உடை நழுவும்போது கை தானே விரைந்து பற்றுவதை நட்புக்கு உவமையாக்குகிறார். உரையைச் சொல்லிவிடாதீர்கள், வினவுங்கள். கையை ஏவியவர் யார்? உடை நழுவியவன் துணை வேண்டிக் குரல் கொடுத்தானா? கை காலந்தாழ்த்தினால் அவன் இழப்பது எது? மூன்றாம் வினாவுக்கு 'மானம்' என்னும் விடை வரும். அச்சொல் அக்குறளில் இல்லை. அதன் பொருளோ உள்ளே இருக்கிறது. சொன்னதிலிருந்து சொல்லாததை உய்த்துணர்வதே படித்துணர்தல். பின்னர், காசிமேட்டில் வலையிழுப்பவரின் மகனை நோக்கி, 'படகில் அத்தகைய கை எப்பொழுது நீளும்?' என்று கேளுங்கள். குறள் அவனுடையதாகிவிடும்.

அடுத்துச் சற்றுக் கடினமான பகுதிக்குச் செல்க. பெரியபுராணத்தில் இத்திருவொற்றியூரே களமாகும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. சுந்தரர் இறைவனின் தோழர் எனப் பெயர் பெற்றவர். சங்கிலியாரை மணக்குமுன், 'உன்னைப் பிரியேன்' என்று அவர் கோயிலில் சூளுற வேண்டியிருந்தது. அவ்வேளை கோயிலை விட்டு மகிழமரத்தடியில் சென்றிருக்குமாறு தம் தோழரை வேண்டுகிறார். இறைவன் இசைகிறார், ஆயினும், மகிழடியிலேயே சூளுறவு பெறுமாறு சங்கிலியார்க்கு அறிவித்தும் விடுகிறார். பின்னொரு நாள் சூளுறவை மீறி ஊரெல்லை கடந்த சுந்தரர் கண்ணொளி இழக்கிறார்.

தோழர் காட்டிக்கொடுத்தாரா, திருத்தினாரா? மாணவரை இரண்டு அணியாக்கி வழக்காடச் செய்யுங்கள். 'நூலில் எந்த அடி உன் கருத்துக்குச் சான்று?' என்பது மட்டுமே நடுவரின் வினாவாகட்டும். வரம்பு மீறுங்கால் கண்டித்துத் திருத்துவதற்கே நட்பு என்னும் 784-ஆம் குறளை எவனேனும் தானே எடுத்துக்காட்டினால், அன்று அவன் படிக்கக் கற்றான் என்று மகிழுங்கள். இறைப்பற்றுடையோரும் மறுப்போரும் ஒருங்கமர்ந்து ஆயத்தக்க வினா இது.

தோழர்களே! நாளை இப்பிள்ளைகள் ஆலையின் ஒப்பந்தத் தாளிலும் கடன் தாளிலும் கையொப்பமிடுவர். எழுதியிருப்பது எது, எழுதாமல் விட்டது எது என்று ஆய்ந்தறியாதவன், பிறன் சொல்லும் பொருளுக்கு அடிமையாவான். தாய்மொழியிலேயே பொருளுணரப் பழகாதவனுக்கு அயன்மொழி என்ன விடுதலையைத் தரும்?

கிழமைக்கு ஒரு பாடவேளை போதும். வினாவிடை ஏட்டை மூடுங்கள்; மூலநூலைத் திறவுங்கள். பொருளுணர்ந்து படிக்கும் தலைமுறையே தமிழினத்தை நிமிர்த்தும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!