மலைநாட்டுத் திருப்பணியும் தமிழ்வழி இறையியல் கல்வியும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய மன்றத்தில் இறையியல் கல்வியைப் பற்றிப் பேசுவது பொருத்தந்தானா என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். இறையியல் கல்லூரி என்பது திருச்சபைகளின் உள்வீட்டுச் செய்தி. கவிஞர்க்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் வினவக்கூடும். ஆயினும், குருத்துவப் பணிக்கென்று பயிலும் மாணவன் ஒருவன் எந்த மொழியில் சிந்திக்கப் பழகுகிறான், எந்த மொழியில் மக்கள்முன் நின்று பேசுகிறான் என்பது முற்றிலும் மொழி பற்றிய வினாவாகும். அவ்வினாவுக்குத் தமிழ்நாட்டில் முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் சில சிறந்த பக்கங்கள் நீலகிரி மலையில் எழுதப்பட்டவை.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1716-இல் உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் உருவாக்க ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1733-இல் ஆரோன் என்னும் தமிழர் குருவாக அருட்பொழிவு பெற்றார். இந்தியச் சீர்திருத்தத் திருச்சபை வரலாற்றில் இந்நாட்டவர் ஒருவர் அப்பணிக்கு அமர்த்தப்பட்டது அதுவே முதன்முறை. அந்தத் தொடக்கக் காலத்தில் பயிற்றுமொழி பற்றிய வழக்கே எழவில்லை. கற்பவனும் தமிழன், கேட்பவரும் தமிழர், ஆதலின் பாடமும் தமிழிலேயே நடந்தது. சிக்கல் பின்னர்தான் தோன்றிற்று.

கால்டுவெல்லும் உதகையும்

இராபர்ட் கால்டுவெல் 1838-இல் சென்னைக்கு வந்தார். 1841-இல் அங்கிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டபோது வண்டியும் பல்லக்கும் வேண்டாமென்று கால்நடையாகவே நடந்தார். மக்களின் பேச்சையும் வழக்கங்களையும் அருகிருந்து அறிவதே அந்நடையின் நோக்கம். அவ்வழியில் அவர் நீலகிரிக்கும் ஏறினார். உதகமண்டலத்தில் சென்னைப் பேராயர் ஸ்பென்சரின் கையால் ஆங்கிலத் திருச்சபையின் அருட்பொழிவு பெற்றபின், மலையிறங்கி இடையன்குடிக்குச் சென்று சேர்ந்தார்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1856-இல், அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு ஆகியவற்றோடு தோதவர் மொழியும் கோத்தர் மொழியும் ஒரே குடும்பத்தின் உறுப்புகளாக அந்நூலில் இடம்பெற்றன. சில நூறு பேர் பேசும் மலைமொழிக்கும் சங்க இலக்கியம் கண்ட மொழிக்கும் உறவு உண்டு என்று எழுதியவர், கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சாண்ட்ஃபோர்டிடம் கிரேக்கம் பயின்றபோதே ஒப்புமொழியியலில் ஈடுபாடு கொண்டவர். குருத்துவப் பணிக்கென்று கற்ற கிரேக்கம் திராவிட மொழியியலுக்கு வித்திட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மறைநூலின் மூலமொழியைக் கற்பதன் பயன் மறைநூலோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு மொழியை அதன் வேர்வரை சென்று கற்றவனுக்கு எம்மொழியையும் இழிவாக நோக்கும் மனம் வாராது.

சாயர்புரத்திலிருந்து மலைக்கு

கால்டுவெல்லின் காலத்தவரான ஜி.யு. போப் 1840-களில் சாயர்புரத்தில் ஓர் இறையியல் கல்லூரியைக் கட்டி எழுப்பினார். தேரிக்காட்டின் நடுவே தமிழ் இளைஞர்கள் கிரேக்கமும் இலத்தீனும் எபிரேயமும் கற்றனர். அவர் அங்கிருந்து சென்ற பின்னர், 1853-இல், அக்கல்லூரிக்குத் தமிழாசிரியராக அமர்ந்தவர் எச்.ஏ. கிருட்டிணபிள்ளை. அப்போது அவர் வைணவர். கம்பனில் தோய்ந்த வைணவர் ஒருவர், கிறித்தவக் குருமாராகப் போகும் மாணவர்க்குத் தமிழ் கற்பித்தார். தமிழறியாதவன் தமிழர்க்குக் குருவாதல் இயலாது என்ற தெளிவு அந்நியமனத்தில் இருந்தது. 1858-இல் அவரே திருமுழுக்குப் பெற்றதும், 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் வெளிவந்ததும் பிற்கால நிகழ்ச்சிகள். தமிழுக்கு ஒரு காப்பியம் கிடைத்ததில் இறையியல் கல்லூரியின் தமிழ் வகுப்புக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இலக்கிய வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் அழுத்தமாகச் சொல்லவேண்டும்.

போப் 1859-இல் உதகமண்டலத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கி 1870 வரை அதன் தலைமையாசிரியராக இருந்தார். அது ஐரோப்பியச் சிறுவர்க்கான பள்ளி. ஆயினும் மலைவாழ்வு அவரைத் தோதவர் மொழியின்பால் ஈர்த்தது. மார்ஷல் என்பார் தோதவரைப் பற்றி எழுதி 1873-இல் வெளியிட்ட நூலில், அம்மொழிக்கான சுருக்கமான இலக்கணத்தைப் போப் எழுதிச் சேர்த்தார். 1886-இல் குறளையும் 1893-இல் நாலடியாரையும் 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த அறிஞர், எழுத்தே இல்லாத ஒரு மொழிக்கும் இலக்கணம் வரைந்தார் என்பது அவருடைய புலமைக்கு அணி சேர்ப்பதாகும்.

இதே மலையில் கேத்தியில் பாசல் மிஷன் 1840-களில் பணி தொடங்கிற்று. அதன் தொண்டர்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1816-இல் தொடங்கப்பட்ட பயிற்சி இல்லத்தில் கற்றவர்கள். அவர்களுள் உழவர் குடியிலும் கைத்தொழிலாளர் குடியிலும் பிறந்தோர் மிகுதி. படுகர் ஊர்களுக்கு நடந்தே சென்று அம்மக்களின் மொழியைக் கற்று, நற்செய்தி நூற்பகுதியை அம்மொழியில் பெயர்த்தனர். அவர்களுள் ஒருவரான மெட்ஸ் மலைக்குடிகளைப் பற்றித் தனிநூலே எழுதினார். இத்தொண்டர்களின் சமயக் கருத்துகளோடு உடன்படாதவரும், மக்களின் மொழியைக் கற்ற பின்னரே வாய் திறந்தனர் என்ற அளவில் அவர்களை மதிக்கவே செய்வர்.

பட்டமும் பயிற்றுமொழியும்

செராம்பூர்க் கல்லூரி 1818-இல் நிறுவப்பட்டது. 1827-இல் டேனிஷ் அரசர் அதற்குப் பட்டம் வழங்கும் உரிமை அளித்தார். 1918-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னர், நாடெங்கும் உள்ள இறையியல் கல்லூரிகள் அதனோடு இணைந்து பட்டம் வழங்கும் முறை வளர்ந்தது. கல்வித்தரம் ஒருசீர் ஆயிற்று. பெங்களூரில் 1910-இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரியில் பல மொழி பேசும் மாணவர்கள் ஒருங்கே அமர்ந்து கற்றனர். அங்கே ஆங்கிலம் தவிர்க்க இயலாதது. அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை.

ஆனால், ஆண்டுகள் சில ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் தேர்வெழுதி, பட்டத்தோடு திரும்பும் இளைஞன் அடுத்த ஞாயிறு குன்னூருக்கோ கூடலூருக்கோ அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் நிற்கிறான். எதிரில் இருப்பவர்கள் ஆறு நாளும் கொழுந்து பறித்தவர்கள். அவன் குறிப்பேட்டில் இருக்கும் கருத்துகள் அனைத்தும் ஆங்கிலத் தொடர்களில் இருக்கின்றன. அவன் அவற்றை அங்கேயே, அப்போதே தமிழாக்குகிறான். வாய்மொழி பெயர்ப்பாக வரும் அத்தமிழில் ஐயுருபும் செயப்பாட்டு வினையும் மலிகின்றன; உயிர் இல்லை. அது அவன் குற்றமன்று. அவனுக்குத் தரப்பட்ட கல்வியில் அந்தக் கடைசிக் கல் தொலைவு விடுபட்டுப்போயிற்று.

இக்குறையை உணர்ந்தே 1969-இல், திருமறையூர்க் கல்லூரியின் மரபும் லுத்தரன் திருச்சபைகளின் தமிழ் இறையியல் கல்வி மரபும் இணைய, மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி உருவாயிற்று. தமிழே பட்டக் கல்வியின் மொழியாகலாம் என்பதை அது செய்து காட்டிற்று. அங்கு ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையையும் ஊர்ப்பேச்சையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். இலங்கையிலும் 1963-இல் பிலிமத்தலாவையில் தொடங்கிய இறையியல் கல்லூரி, சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிக்கும் இடமளித்தது. ஆகவே இது நடவாத காரியமன்று, நடந்த காரியம்.

அப்பாசாமியின் தேடல்

தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்த் திருமண்டிலம், நீலகிரியையும் தன்னுள் அடக்கியது. 1950-இல் அதன் முதற் பேராயராகப் பொறுப்பேற்றவர் ஏ.ஜே. அப்பாசாமி. பாளையங்கோட்டையில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் பக்தி இலக்கியத்தின் அநுபூதி நெறியை ஆய்ந்து பட்டம் பெற்றவர். யோவான் நற்செய்தியைப் பக்தி மார்க்கத்தின் வழியே விளக்க முற்பட்டார். சுருதி, யுக்தி, அநுபவம் என்னும் பிரமாணங்களோடு சபை என்பதையும் நான்காவதாகச் சேர்த்து, இந்திய இறையியலுக்கு ஓர் அளவைமுறை வகுத்தார்.

ஆழ்வாரும் நாயன்மாரும் பாடிய நிலத்தில் பிறந்தவர்க்கு இறையன்பைப் பற்றிப் பேச வேற்றுநாட்டுச் சொல்லாட்சி தேவையில்லை என்பது அவர் கண்ட உண்மை. ஆயினும் அவருடைய முதன்மையான நூல்கள் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. தமிழ்ப் பக்தியிலிருந்து பிறந்த சிந்தனை, தமிழ் அடியவரின் கைக்கு வருவதற்குள் ஆங்கிலத்தைச் சுற்றிவர வேண்டியிருந்தது. அன்றைய கல்வி உலகின் அமைப்பு அது. அதை அவருடைய தனிப்பட்ட குறையாகக் கருதுவது நேர்மையாகாது. ஆனால் மாற்றப்படாமலே விடுவதும் முறையாகாது.

எந்தத் தமிழ்?

தமிழில் கற்பிப்பது என்று முடிவு செய்தவுடன் மற்றொரு வினா எழுகிறது. எந்தத் தமிழ்? பழைய மொழிபெயர்ப்பு கிருபை என்கிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் அருள் என்கிறது. ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று. அப்போஸ்தலர் திருத்தூதர் ஆயினர். நீதிமான் என்ற இடத்தில் ஏற்புடையவர் என்ற சொல் வந்தது. மொழித்தூய்மை நோக்கில் இம்மாற்றங்கள் வரவேற்கத்தக்கன. கருத்து விளக்கத்திலும் சில சொற்கள் மேம்பட்டவை. நீதிமான் என்றதும் குற்றமற்றவனையே எண்ணும் எளியவன், ஏற்புடையவர் என்றதும் தன்னையும் ஒருவர் ஏற்றுக்கொள்வார் என்ற ஆறுதலைப் பெறக்கூடும்.

ஆயினும் சொல் என்பது அகராதிப் பொருள் மட்டுமன்று. அது நினைவும் ஆகும். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு வந்தவர்களுள் கணிசமானோர் நீலகிரிக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுக்கு வேலை அளிப்பதற்காக 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை மலைகளில் உழைத்து, வீடும் நிலமும் இன்றி ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குப் பெயர்க்கப்பட்டவர்கள், அங்கிருந்து கொண்டுவர முடிந்தவற்றுள் ஒன்று மனப்பாடமான வேதவசனம். லயத்து வீட்டில் இறக்கும் தறுவாயில் இருக்கும் மூதாட்டி கிருபை என்ற சொல்லைக் கேட்டே கண்மூட விரும்புவாள். அங்கே நின்று சொல்லைத் திருத்துவது கல்வியாகாது. அவளுடைய பேரனுக்கோ கிருபை பொருள் விளங்காத பழஞ்சொல்; அவனுக்கு அருள் என்று சொல்லவேண்டும்.

இரண்டையும் அறிந்து, எவர்க்கு எது என்று தெரிந்து பேசுபவனே கற்ற குரு. அவனுக்குத் தொல்காப்பியம் கூறும் செய்யுள் வழக்கும் உலகியல் வழக்கும் வேண்டும். பக்தி இலக்கியம் வேண்டும். வேதநாயக சாஸ்திரியாரும் கிருட்டிணபிள்ளையும் வேண்டும். லயத்தின் பேச்சும் வேண்டும். படுகர் ஊரில் பணி செய்பவனாயின் படுக மொழியும் வேண்டும். எபிரேயத்துக்கும் கிரேக்கத்துக்கும் ஒதுக்கும் உழைப்பில் ஒரு பகுதியேனும் இவற்றுக்கும் ஒதுக்கப்படுதல் முறை. மூலமொழிகளைக் குறைக்கவேண்டும் என்பது இதன் கருத்தன்று. கால்டுவெல்லும் போப்பும் இரண்டையும் கற்றதனாலேயே பெரியோராயினர்.

கவிஞர் செய்யத்தக்கது

கிருட்டிணபிள்ளை சாயர்புரத்து வகுப்பறைக்குள் நுழைந்தபோது சமய எல்லையைக் கடந்து சென்றது தமிழ். அவ்வழி இன்றும் அடைபடவில்லை. இறையியல் கல்லூரிகள் தமிழ்ப் புலவரையும் கவிஞரையும், அவர் எச்சமயத்தவராயினும், தம் மாணவர்முன் அழைத்து நிறுத்தலாம். இத்தகைய மன்றங்களும் தம் அரங்குகளில் அம்மாணவர்க்கு இடமளிக்கலாம். ஞாயிறுதோறும் ஆயிரக்கணக்கான எளிய மக்கள் அரைமணி நேரம் அமைதியாக அமர்ந்து கேட்கும் தமிழ், ஆலயத்துத் தமிழ். அந்த அரைமணி நேரத்தைப் பெறும் கவிஞர் தமிழ்நாட்டில் எத்தனை பேர்? அவ்வளவு பேர் கேட்கும் தமிழ் நல்ல தமிழாக இருக்கவேண்டும் என்பது திருச்சபையின் கவலை மட்டுமன்று. தமிழின் கவலையும் ஆகும்.

1841-இல் உதகையிலிருந்து நடந்து இறங்கிய இளைஞரிடம் பட்டம் இருந்தது, அருட்பொழிவும் இருந்தது. அவையிரண்டும் போதா, மக்கள் மொழியும் வேண்டும் என்று அவர் கருதினார். இன்று இம்மலையின் தோட்டங்களுக்குப் பணியேற்று வரும் ஒவ்வோர் இளைஞரும் அவ்வாறு கருதுவாராயின், தோட்டத்துச் சிற்றாலயமும் தமிழ் வளர்க்கும் மன்றமாகும். பத்தாண்டு கண்ட இம்மன்றம் நூறாண்டு காண்க.